துப்பாக்கிக்காக மாநிலம் மாறினோம்

மார்ச் 14, செவ்வாய்

என் கணவன் வெண்டல் வெறுங்கையோடு திரும்பி வந்தான். தோட்டா வாங்கப் போனவன். கடைக்காரர் கணினியில் தட்டிப் பார்த்துவிட்டு, பதிவில் இருக்கும் விலாசமும் ஓட்டுநர் உரிமத்தில் இருக்கும் விலாசமும் ஒத்துப்போகவில்லை, விற்க முடியாது என்று சொல்லிவிட்டாராம். நாங்கள் இதே டர்லாக்கில் தெரு மாறி எத்தனையோ காலம் ஆகிவிட்டது.

"இந்த ஊருக்கே கரண்ட் கம்பி இழுத்தவன் நான். என்னை யாருன்னு அந்தப் பொட்டிக்குத் தெரியலையாம்" என்றான்.

அதற்குப் பிறகு டிவி முன்னால் உட்கார்ந்து, செய்தி வாசிக்கிற பெண்ணோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தான். சூப் ஆறிப்போனது. காலை முழுக்க சலூனில் நின்று முடி வெட்டியதில் எனக்குக் கால் வலி. வலிக்கிறது என்று சொல்லக்கூடத் தோன்றவில்லை. அவன் கோபம் வீட்டில் அவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது.

மார்ச் 22

டாக்டர் அவனுடைய ரத்த அழுத்தத்தை இரண்டு தடவை அளந்தார். முதல் தடவை மிஷின் கெட்டுப்போயிருக்கும் என்று நினைத்தாராம்.

ஏப்ரல் 9, ஈஸ்டர்

எழுதவே கை வரவில்லை. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

மகள் கெல்சி ஓக்லண்டிலிருந்து குழந்தை ஜூனியோடு வந்திருந்தாள். என் அம்மா செய்வதுபோல முட்டை வைத்த இனிப்பு ரொட்டி சுட்டிருந்தேன். ஜூனி அதிலிருந்து முட்டையை மட்டும் தோண்டி எடுத்துக்கொண்டிருந்தாள். எல்லாம் நன்றாகத்தான் போனது. வெண்டல் தன் ரைஃபிளைப் பற்றி ஆரம்பிக்கும்வரை. அதன் பிடியில் சட்டப்படி மீன் துடுப்பு மாதிரி ஒரு பிளாஸ்டிக் துண்டை மாட்டி வைக்க வேண்டும், கட்டை விரல் சுற்றிப் பிடிக்க முடியாதபடி. "என் கையை எங்க வைக்கணும்னு சாக்ரமெண்டோ சட்டசபைல உக்காந்து எவனோ சொல்றான்" என்றான்.

கெல்சி முள்கரண்டியைக் கீழே வைத்தாள். அவள் அவசரப் பிரிவில் நர்ஸ். "அப்பா, போன வியாழக்கிழமை ஒரு பையனோட சட்டையைக் கத்தரிக்கோலால வெட்டி எடுத்தேன். பத்தொன்பது வயசு. நெஞ்சுல ரெண்டு குண்டு. அவன் என் கையைப் பிடிச்சிக்கிட்டு, எங்கம்மாகிட்ட சொல்லாதீங்கன்னான். நீங்க பிளாஸ்டிக்கைப் பத்திப் பேசறீங்க."

"அந்தப் பையனைச் சுட்டது நானா?"

"நான் அப்படிச் சொல்லலை."

"சொல்றவங்க எல்லாம் அதைத்தான் சொல்றீங்க. நான் என்ன பண்ணினேன்? சனிக்கிழமை ஆனா காகிதத்தைச் சுடறேன். அவ்வளவுதான். எவனோ ஒரு ரவுடிப்பய சுட்டுக்கிட்டா அதுக்கு நான் பதில் சொல்லணுமா?"

ரவுடிப்பய. அந்த வார்த்தைதான். கெல்சி எழுந்து ஜூனியின் கையைத் துடைத்தாள். கோட்டை மாட்டினாள். "துப்பாக்கி இருக்கிற வீட்டுக்கு இனிமே குழந்தையைக் கூட்டிட்டு வரமாட்டேன்" என்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை.

ஏப்ரல் 10

ரொட்டி அப்படியே இருக்கிறது.

மே 2

ஐடஹோ மாநிலத்துக்குப் போய்விடலாம் என்கிறான். அங்கே தோட்டா வாங்க யாரும் உன் ஜாதகத்தைப் பார்க்க மாட்டார்களாம். எம்மெட் என்று ஒரு ஊர். செர்ரித் தோட்டங்கள், ஒரு ஆறு. கூட வேலை பார்த்த ஒருவர் போய்க் குடியேறிவிட்டு, வா வா என்கிறாராம்.

"கெல்சி?" என்று கேட்டேன்.

"அவதான் வரமாட்டேன்னுட்டாளே. இங்க இருந்தா என்ன, எங்க இருந்தா என்ன."

குரல் உடைந்தது. உடனே எழுந்து வாசல் குழாயை ரிப்பேர் பண்ணப் போய்விட்டான். குழாய் நன்றாகத்தான் இருந்தது.

மே 20

நான் ஏன் போகவேண்டும்? எனக்குத் துப்பாக்கி பிடிக்கும் என்றும் இல்லை, பிடிக்காது என்றும் இல்லை. கல்யாணமானதிலிருந்து அது பரணில் இருக்கிற ஏணி மாதிரி ஒரு சாமான், அவ்வளவுதான். என் நாற்காலியைத் தேடி வருகிற பெண்கள் இங்கே இருக்கிறார்கள். மகளும் பேத்தியும் இந்தக் கலிஃபோர்னியாவில்தான் இருக்கிறார்கள், பார்க்க விட்டாலும் விடாவிட்டாலும்.

ஆனால் இந்த மனிதனை? இவனை இப்படியே வைத்திருந்தால் ஒருநாள் டிவி முன்னாலேயே விழுந்துவிடுவான். அந்த ஊர்ப் பனியோடு வாழ்ந்துவிடலாம். இந்தக் கோபத்தோடு என்னால் இனி முடியாது.

சரி என்று சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 6

வின்னமக்காவில் ஒரு மோட்டல். நாள் முழுக்க நெவாடா. காய்ந்த பூமி, லாரிகள், மறுபடி காய்ந்த பூமி. கலிஃபோர்னியா எல்லையைத் தாண்டும்போது அவன் ஹாரன் அடிப்பான் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டே ஓட்டினான்.

கெல்சிக்குக் கிளம்பிவிட்டோம் என்று செய்தி அனுப்பினேன். "பத்திரமா போம்மா" என்று பதில். அம்மாவுக்கு மட்டும்.

செப்டம்பர் 8, எம்மெட்

கட்டிலைக்கூட இன்னும் பொருத்தவில்லை. சமையல் மேடையில் ரைஃபிளை வைத்து, முதல் வேலையாக அந்தப் பிளாஸ்டிக் துடுப்பைக் கழற்றினான். இரண்டு திருகுதான். கழற்றிவிட்டுக் குப்பையில் போட்டான். பிறகு துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றான்.

"எப்படி இருக்கு?" என்றேன்.

"துப்பாக்கி மாதிரி இருக்கு" என்றான்.

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். ஈஸ்டருக்குப் பிறகு சேர்ந்து சிரித்தது இப்போதுதான்.

செப்டம்பர் 17

ரூத்தான் என்கிற பக்கத்துப் பண்ணைக்காரி ஒரு வாளி தக்காளியோடு வந்தாள். எழுபது இருக்கும். கணவர் இல்லை. மாடுகளைத் தனியாகப் பார்த்துக்கொள்கிறாள். எங்கள் வண்டியின் கலிஃபோர்னியா நம்பர் பலகையைப் பார்த்துவிட்டுத்தான் எங்களைப் பார்த்தாள்.

"சீக்கிரம் மாத்திடுங்க. அதுவரைக்கும் ஊர்ல ஒருத்தனும் உங்களுக்கு வழி விடமாட்டான்" என்றாள். பிறகு, "எதுக்கு வந்தீங்க? வரியா, துப்பாக்கியா, கடவுளா? கலிஃபோர்னியாக்காரங்க இந்த மூணுல ஒண்ணுக்குத்தான் வருவாங்க."

வெண்டல் காலால் மண்ணைத் தள்ளினான். "துப்பாக்கி."

"நல்லவேளை. கடவுளுக்காக வர்றவங்கதான் ரொம்பப் பேசுவாங்க."

அவளை எனக்குப் பிடித்துவிட்டது.

அக்டோபர் 11

மெயின் தெரு சலூனில் ஒரு நாற்காலி கிடைத்துவிட்டது. இன்று ஒரு பெண் கைப்பையை மேடையில் வைத்தாள். டங்கென்று சத்தம், உள்ளே துப்பாக்கி. நான் கத்தரிக்கோலோடு அப்படியே நின்றேன்.

"பயப்படாதேம்மா. அது என்னைவிட ஒழுங்கானது, சொன்னபடி கேட்கும்" என்றாள்.

யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த நாற்காலியில் பள்ளி மதிய உணவைப் பற்றிய பேச்சு அப்படியே தொடர்ந்தது. நானும் வெட்ட ஆரம்பித்தேன். முதல் பக்கம் கோணலாக விழுந்தது. அடுத்த பக்கம் நேராக வந்தது.

நவம்பர் 4

வெண்டல் இரண்டு சனிக்கிழமை மலையடிவாரத்துக்குப் போய்ச் சுட்டுவிட்டு வந்தான். மூன்றாவது சனிக்கிழமை போகவில்லை. ரூத்தானின் வேலிக்கம்பி அறுந்துவிட்டதாம், அதைக் கட்டப் போனான். இன்றும் வேலிதான்.

டிசம்பர் 25

கெல்சி ஃபோன் பண்ணினாள். திரையில் ஜூனி ஒரு பொம்மை மாட்டைக் காட்டினாள். நன்றாகப் பேசுகிறாள் இப்போது. "தாத்தா எங்க?" என்றாள். வெண்டல் கதவருகே நின்றிருந்தான், திரையில் படாத இடத்தில். நான் பார்த்தேன். அவன் தலையை ஆட்டினான், வேண்டாம் என்று.

"பனி அள்ளுறார் கண்ணு" என்றேன்.

அப்புறம் அவன் நிஜமாகவே போய்ப் பனி அள்ளினான். அள்ளுவதற்கு அவ்வளவு பனி இல்லை.

ஜனவரி 19

காபி குடிக்கும்போது அவனாகவே சொன்னான்.

"இங்க வந்தா நிம்மதியா இருக்கும்னு நினைச்சேன். இருக்கு. இல்லைன்னு சொல்லலை. ஆனா கோவப்பட ஆளே இல்லை நோரி. வலிச்சுக்கிட்டிருந்த பல்லைப் பிடுங்கினப்புறம் நாக்கு அங்கயே போய்த் தேடும்ல, அப்படி இருக்கு."

"டிவியைப் போடட்டுமா?"

"வேண்டாம்" என்று சிரித்தான். "அந்த நியூஸ் பொண்ணு பாவம்."

டாக்டரிடம் போனோம். பிரஷர் மாத்திரையைப் பாதியாகக் குறைத்திருக்கிறார். அழுகை வந்துவிட்டது எனக்கு, அந்தச் சின்ன அறையில் வைத்து. சந்தோஷத்தில்தான்.

ஏப்ரல் 21

கெல்சி வருகிறேன் என்கிறாள்! ஜூன் மாதம், செர்ரி பழுக்கும்போது, ஒரு வாரம். குழந்தைக்கு ஆறு காட்ட வேண்டுமாம். பிறகு சொன்னாள்: "ஒண்ணே ஒண்ணு. வீட்ல ஒரு துப்பாக்கிகூட இருக்கக் கூடாது. பூட்டி வச்சிருக்கோம்னு சொல்லாதம்மா. பூட்டின பெட்டியிலிருந்து எடுத்துச் சுட்டதெல்லாம்தான் எங்க ஆஸ்பத்திரிக்கு வருது."

எப்படிக் கேட்பேன் இதை அவனிடம்? வீடு, ஊர், சிநேகிதர்கள், எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்ததே எதற்காக? வேண்டாம், சொல்லாமலே நான் மட்டும் ஓக்லண்டுக்குப் போய்விடலாமா?

ஏப்ரல் 28

இன்னும் சொல்லவில்லை.

மே 5

இன்று வண்டியில் சொன்னேன். அவன் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பதால் எழுந்து போக முடியாது என்று கணக்குப் போட்டு.

வாய்க்கால் பாலம் தாண்டியதும், "அதுக்குத்தானே இவ்வளவு தூரம் வந்தோம்" என்றான்.

"தெரியும்."

"இப்ப அவளே சட்டம் போடறா."

"அவ சட்டம் போடலை வெண்டல். வரணும்னு ஆசைப்படறா. பயமாவும் இருக்கு அவளுக்கு."

வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு கராஜுக்குள் போய்விட்டான். போயிற்று. நான்தான் கெடுத்துவிட்டேன். ஏன் வாயைத் திறந்தேன்?

மே 6, 7, 8

பேசுகிறான். உப்பைக் கொடு, மழை வரும்போல. அவ்வளவுதான்.

மே 11, சனி

நான் சலூனிலிருந்து வந்தபோது பிக்கப் வண்டியின் பின்பக்கம் திறந்திருந்தது. போர்வை விரித்து, அதன்மேல் ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டிருந்தான். அவன் அப்பாவின் வேட்டைத் துப்பாக்கி. வாத்து சுடுகிற துப்பாக்கி. அந்த ரைஃபிள். கடைசியாக உள்ளே போய், கட்டில் பக்கத்தில் இருந்த கைத்துப்பாக்கியையும் கொண்டுவந்து வைத்தான். நானும் வண்டியில் ஏறி உட்கார்ந்தேன்.

ரூத்தான் தன் வீட்டு இரும்புப் பெட்டகத்தைத் திறந்துவிட்டு, இடுப்பில் கை வைத்து நின்றாள். "இதைத் தூக்கிக்கிட்டு மூணு மாநிலம் தாண்டி வந்த. இப்ப என் வீட்ல கொண்டுவந்து வைக்கிற. கலிஃபோர்னியாவுக்கே திரும்பிப் போறியா?"

"பேத்தி வர்றா" என்றான் வெண்டல்.

அவள் கேலியை நிறுத்திவிட்டாள். "அப்ப இடம் பண்ணித் தரேன்" என்று தன்னுடையவற்றை ஓரமாகத் தள்ளினாள்.

திரும்பும்போது சொன்னான்: "அங்க இருந்தப்ப, எங்க புடுங்கிடுவாங்களோன்னு இறுக்கிப் பிடிச்சிருந்தேன் நோரி. கெல்சி பேசினதுகூட எனக்குக் கெல்சி பேசின மாதிரி கேக்கலை. அந்தச் சட்டம் போடறவங்க பேசற மாதிரியே கேட்டுச்சு. இங்க யாரும் புடுங்க வரலை. நானாத்தான் கொண்டுபோய் வச்சேன்."

அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு மூச்சே இப்போதுதான் முழுசாக வருகிறது.

ஜூன் 15

வந்துவிட்டார்கள்!

வெண்டல் கராஜில் எங்கள் துப்பாக்கிப் பெட்டகத்தின் கதவை விரியத் திறந்து வைத்திருந்தான், கெல்சி கண்ணில் படட்டும் என்று. அவள் பையைத் தூக்கிக்கொண்டு அந்த வழியாகத்தான் வந்தாள். காலியான தட்டுகளைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். இரண்டு பேரும் அசையாமல் நின்றார்கள்.

"அதைச் சாத்துங்கப்பா. குழந்தை விரலை நசுக்கிக்கப் போறா" என்றாள்.

அவன் சாத்தினான். பிறகு அவள் பையை வாங்கிக்கொண்டான்.

ஜூன் 19

ஜூனிக்கு வாய், கழுத்து, காது எல்லாம் செர்ரி. ரூத்தானின் கன்றுக்குட்டிக்கும் ஊட்டிவிட்டாளாம்.

மாலையில் அப்பாவும் மகளும் பின்வாசல் படியில் உட்கார்ந்து செர்ரிக்குக் கொட்டை எடுத்தார்கள். நான் உள்ளே மாவு பிசைந்துகொண்டிருந்தேன். ஜன்னல் திறந்திருந்தது.

"அந்தப் பையன்," என்றான் வெண்டல். "நீ அன்னைக்குச் சொன்னியே. பொழச்சானா?"

கெல்சி கையிலிருந்த பழத்தைப் பிளந்தாள். "இல்லைப்பா."

"அவங்கம்மா வந்தாங்களா?"

"வந்தாங்க. நான்தான் சொன்னேன் அவங்ககிட்ட."

கொட்டைகள் கிண்ணத்தில் விழுந்தன. பிறகு வெண்டல், "நான் அவனை ஒரு வார்த்தை சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது" என்றான்.

"உங்க கருத்து மாறிடுச்சாப்பா?"

"இல்லை."

"என்னோடதும் மாறலை."

"தெரியும். அந்தக் கிண்ணத்தை இப்படித் தள்ளு."

ஜூன் 23

கிளம்பிப் போய்விட்டார்கள். வீடு முழுக்கச் செர்ரிக் கறை. துடைக்க மனசு வரவில்லை.

ஜூலை 20

தன் துப்பாக்கிகளை எல்லாம் ரூத்தானிடமிருந்து திரும்பக் கொண்டுவந்தான். "அவங்க போனதும் நீ எடுத்துட்டுப் போவேன்னு பாத்தேன். ஒரு மாசம் ஆக்கிட்ட" என்றாளாம். எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. அவை அவனுடையவை, அதற்காகத்தான் வந்தோம். பெட்டகத்தைப் பூட்டிவிட்டு, அத்திமரக் கன்று ஒன்று நடலாமா, இந்தக் குளிர் தாங்குமா என்று கேட்டான்.

செப்டம்பர் 14, சனி

கெல்சி ஃபோன் பண்ணினாள். வழக்கம்போல நான் எடுத்து, சமையலறை நாற்காலியில் வசதியாக உட்கார்ந்தேன். என்னோடு பேசியது கொஞ்சம்தான். சாப்பிட்டியாம்மா, கால் வலி எப்படி இருக்கு என்று.

பிறகு, "அப்பாகிட்ட குடு" என்றாள்.

வெளியே போய்க் கொடுத்தேன். அவன் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கினான். நான் உள்ளே வந்து பாத்திரம் தேய்க்க ஆரம்பித்தேன். என்ன பேசினார்கள் என்று தெரியாது, கேட்கவும் இல்லை. பாத்திரமெல்லாம் முடிந்து மேடையையும் துடைத்துவிட்டேன். அவன் இன்னும் முற்றத்தில் நடந்துகொண்டே பேசிக்கொண்டிருக்கிறான்.