சைக்கிளம்மா இறங்கிய இடம்

மார்ச் 4, புதன்

மாமன்றத்தில் கழிவுநீர்க் குழாய் பற்றி ஒரு மணி நேரத்துக்கு மேல் பேச்சு. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, நானும் எங்கோ சுற்றிக்கொண்டிருந்தேன். கடைத்தெருவின் ஓரமாக ஒரு பச்சைத் தடம். அதன்மேல் சைக்கிளில் போகிறேன். மிதிக்கவே வேண்டாம், தானாகப் போகிறது. இரண்டு பக்கமும் கடைகள் தண்ணீருக்குள் இருப்பதுபோல மெல்ல அசைகின்றன. "சைக்கிளம்மா, உங்க தீர்மானம்" என்று மேயர் கூப்பிட்டதும் திடுக்கிட்டு எழுந்தேன்.

படித்தேன். கடைத்தெருவில் ஒரு பக்கம் கார் நிறுத்துவதை எடுத்துவிட்டு, சந்தையிலிருந்து பாலம்வரை சைக்கிளுக்கென்று தனிப் பாதை. முடிப்பதற்குள் ஹாரன் எழுந்தார். கார் உதிரிபாகக் கடை வைத்திருக்கிற உறுப்பினர். அவர் குரலுக்கு நாங்கள் வைத்த பெயர் அது.

"மைக் பிடிச்சுப் பேசுறது சுலபம்மா. அடுத்த மாசம் ஓட்டெடுப்புக்கு முன்னாடி அந்தத் தெருவுல நீங்களே ஓட்டிக் காட்டுங்க. நாங்களும் கூட வர்றோம்."

எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். நானும் சேர்ந்து தட்டினேன். ஏன் தட்டினேன்?

எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது.

மார்ச் 5

யாருமே கேட்டதில்லை, அதுதான் வந்த வினை. தேர்தல் சுவரொட்டியில் நாத்தனாரின் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். நிற்கத்தான் செய்கிறேன், ஓட்டுகிறேன் என்று எங்கேயும் போடவில்லை. மருத்துவமனையில் நான் பிசியோதெரபி பார்க்கிறவள். கடைத்தெருவில் சைக்கிளோடு விழுந்தவர்களின் மணிக்கட்டும் முழங்கையும் காறை எலும்பும் என் மேசைக்குத்தான் வருகின்றன. அதைச் சொல்லித்தான் ஓட்டுக் கேட்டேன், ஜெயித்தேன். அதில் பொய் எதுவும் இல்லை. இல்லைதானே?

இவரிடம் சொன்னேன். சாப்பிடுவதை நிறுத்தாமல், "நீச்சல்குளம் கட்டணும்னு கேக்குற கவுன்சிலரெல்லாம் நீந்தியா காட்டுறாங்க?" என்றார். ஆறுதலாக இருந்தது. கை கழுவி முடிக்கும்வரை.

மார்ச் 8, ஞாயிறு

நாத்தனார் விடிந்ததும் என்னைப் பள்ளி மைதானத்துக்கு இழுத்துப் போனாள். வங்கியில் காசாளர், தினமும் சைக்கிளில்தான் வேலைக்குப் போகிறாள். ஒரே பனி. கோல் கம்பம்கூடத் தெரியவில்லை.

"கீழ பாக்காதீங்க அண்ணி. போக வேண்டிய இடத்தப் பாருங்க."

போக வேண்டிய இடம் என்று ஒன்று கண்ணில் பட்டால்தானே. வெள்ளைக்குள் வெள்ளையாகப் போய்க்கொண்டிருந்தேன். அழகாகத்தான் இருந்தது. ஆனால் சைக்கிள் சாயும்போதெல்லாம் மனசு எலும்பின் பெயரைச் சொல்லிவிடுகிறது. மணிக்கட்டு. முழங்கை. காறை. தொழில் தெரிந்தவர்கள் விழவே கூடாது.

மார்ச் 9

விழுந்தேன். இடது முழங்காலில் சிராய்ப்பு. மனசு சொல்லாத இடம்.

மார்ச் 17

கனவில் மட்டும் பிரமாதமாக ஓட்டுகிறேன். நேற்று மருத்துவமனைத் தாழ்வாரத்தில், சத்தமே இல்லாமல். கட்டுப் போட்டவர்கள் படுக்கையிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, சரி போ என்பதுபோல மறுபடி படுத்துக்கொண்டார்கள். ஜன்னல் திரைகளெல்லாம் என் பக்கமாகப் பறந்தன. முழித்துப் பார்த்தால் கால்கள் போர்வையை மிதித்துக்கொண்டிருக்கின்றன.

"பிரேக்கப் போடு" என்றார் இவர், கண்ணைத் திறக்காமல்.

மார்ச் 29, ஞாயிறு

ஓட்டுகிறேன்! நேராகப் போக வருகிறது. இடது பக்கம் திரும்ப வருகிறது. வலது பக்கம் திரும்ப மட்டும் கை மறுக்கிறது. அதனால் மைதானத்தை இடமாகவே சுற்றிச் சுற்றி வந்தேன். காது ஓரம் காற்று, புல்லில் ஈரம், தூரத்தில் ஏதோ ஒரு பறவை. இறங்கவே மனசில்லை.

"பாலத்துக்கு நேராத்தான போகணும்" என்றாள் நாத்தனார். "திரும்பி வர்றதப் பத்தி அப்புறம் பாத்துக்கலாம்."

ஏப்ரல் 3, வெள்ளி

முடியல.

சந்தை வாசலில் மேயர் கொடியசைத்தார். பத்திரிகைக்காரர்கள், ஏழெட்டு உறுப்பினர்கள், எல்லோருக்கும் சைக்கிள். கொஞ்ச தூரம் நன்றாகத்தான் போனேன் — நிஜமாகவே போனேன். தபால் அலுவலகத்துக்கு எதிரே நிறுத்தியிருந்த காரின் கதவு பட்டென்று திறந்தது. அந்தப் பக்கம் ஒதுங்கலாம் என்றால் முதுகுக்குப் பின்னால் லாரி. அதன் மூச்சு கழுத்தில் படுகிறது. கால் தானாக ஊன்றிவிட்டது. இறங்கிட்டேன். பாலம் வரைக்கும் தள்ளிக்கிட்டே நடந்தேன். பின்னால் யார் வந்தார்கள், யார் சிரித்தார்கள், எதையும் திரும்பிப் பார்க்கவில்லை. போட்டோ எடுத்தாங்க. எடுத்துக்கட்டும்.

என் மானம் போனா போகுது. பாதை போயிடுமே. இத்தனை பேரோட பாதை, என் ஒருத்தி கால் ஊன்றினதால போயிடுமே.

ஏப்ரல் 4

பத்திரிகையில் படம். "நடந்தார் சைக்கிளம்மா." இவர் அதை மடித்துத் தன் தட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார். நான் பார்க்காததுபோல இருந்தேன்.

ஏப்ரல் 8, புதன்

எழுதி எடுத்துப் போனதைப் படிக்கவில்லை. எழுந்ததும் வாய் தானாகப் பேசியது.

"எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது. போன மாசம்தான் கத்துக்கிட்டேன். மைதானத்துல ஓட்டுறேன், அந்தத் தெருவுல முடியல. நல்லா ஓட்டத் தெரிஞ்சவங்களுக்காக நான் இந்தப் பாதையக் கேக்கல. அவங்க எப்படியாவது போயிடுவாங்க. பயந்துக்கிட்டு வீட்டுலயே சைக்கிள நிறுத்தி வெச்சிருக்காங்களே, அவங்களுக்காகக் கேக்குறேன்."

சிரித்தார்கள். "முதல்ல நல்லாக் கத்துக்கிட்டு வாங்கம்மா, அப்புறம் பாதை போடலாம்" என்றது பின்வரிசை. கண்ணில் நீர் முட்டியது. கோபத்தில்தான்.

அப்போது ஹாரன் எழுந்தார். முதல்முறையாக அவருக்கு மைக் தேவைப்பட்டது.

"நானும் தபாலாபீஸ்கிட்டதான் இறங்குனேன்."

மைக்கை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டார்.

"அம்மா இறங்குனாங்கன்னு இறங்கல. லாரியப் பாத்துப் பயந்துட்டேன். சின்ன வயசுல ரெண்டு கையையும் விட்டுட்டு ஓட்டுனவன் நான்."

உட்கார்ந்துவிட்டார். வெயில் ஜன்னல் வழியாக வந்து தரையில் படுத்திருந்தது. மேயர் கை தூக்கச் சொன்னபோது ஹாரன் போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார். போன் அடித்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை.

ஒரு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தோம்.

வெளியே வந்தபோது அவர் படியில் நின்றுகொண்டிருந்தார். "நன்றி கின்றின்னு ஆரம்பிக்காதீங்க. என் கடை முன்னாடி கார் நிக்கிற எடம் மொத்தமாப் போகுது."

"சொல்லல" என்றேன். சொல்லவும் இல்லை. ஆனால் வீடு வரைக்கும் கால் தரையில் பட்டதா என்று தெரியவில்லை.

ஜூலை 2

கடைத்தெரு முழுக்கப் பெயிண்ட் வாசனை. காயும்வரை மிதிக்கக் கூடாது என்று கயிறு கட்டியிருக்கிறார்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். மருத்துவமனைக்குத் தாமதம்.

ஆகஸ்ட் 19, புதன்

மாலையில் நல்ல தூறல். வேலை முடிந்து, பாலத்துக்குப் பக்கத்தில் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். இவர் துண்டை நீட்டியபடி, "இப்படி நனைஞ்சிருக்கியே, எதுல வந்த?" என்று கேட்டார்.

கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. "சைக்கிள்லதான்."

கடைத்தெரு வழியாகத்தான் வந்திருக்கிறேன். எதையாவது நினைத்துக்கொண்டே வந்திருப்பேன்.