கிடைதூக்கி

இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். நீ உயிரோடு இருந்தபோதே சொல்லியிருப்பேன். பழகின முகத்தைப் பார்த்ததும் கோபம் பாதியாகிவிடும். இப்போது அந்தத் தடை இல்லை.

மகளின் கல்யாணப் பத்திரிகை, சரிபார்ப்பதற்காகக் கோவில்பட்டி அச்சகத்திலிருந்து வந்திருக்கிறது. மை வாடை போகாத தாளில் என் பெயருக்குப் பின்னால் ‘கிடைதூக்கி’ என்று நிற்கிறது. நாகலாபுரத்துச் சம்பந்தி காலையிலேயே போன் செய்தார். “அண்ணாச்சி, அந்தப் பேரு மட்டும் வேண்டாமே. நெல்ல வாங்கிட்டு ராத்திரியோட ராத்திரியா ஓடுன குடும்பமான்னு எங்காளுக கேக்குதாவ.”

அந்தக் கதையை அவர்கள் எங்கே கேட்டார்கள் என்று எனக்குத் தெரியும். கோயில் கொடைத் திருவிழா மேடையில், மைக்கைப் பிடித்து, ஊர்ப் பெருமை பேசுகிறேன் என்று நீ சொன்ன கதை அது. கூட்டம் சிரித்தது. நான் முன்வரிசையில் இருந்தேன்.

எட்டாம் வகுப்பில் வாத்தியார் என் முழுப்பெயரை வாசித்தபோது சிரிக்காதவன் நீ ஒருவன்தான். ஊர் வசையாகச் சொன்ன பேரை அப்பா வேண்டுமென்றே பள்ளிப் பதிவில் என் பெயரோடு சேர்த்திருந்தார். அன்று சாயங்காலம் உங்கள் புஞ்சைக் கிணற்றுக்கு என்னைக் கூட்டிப்போனாய். “இந்தக் கிணறுதாம்லே. எங்க பாட்டன் தண்ணி எடுக்க விடல. அதான் ஒங்க ஆளு கிடையத் தூக்கிட்டுப் போயிட்டாரு” என்றாய்.

எங்கள் வீட்டில் சொன்னதும் அதுவேதான். கோடையில் உங்கள் கரிசலில் ஆட்டுக்கிடை போட்டிருந்தார் என் பாட்டன். ராத்திரியில் ஆடுகள் அடைந்து போடும் புழுக்கைதான் நிலத்துக்கு உரம். அதற்குக் கூலி நெல். பேசிய ராத்திரிகள் முடியும்வரை கிடையை எடுப்பது வழக்கமில்லை. எடுத்தால் நிலத்துக்காரருக்கு ஊரில் தலைக்குனிவு. ஆட்டுக்காரன் குடம் கிணற்றில் படக்கூடாது என்று உன் பாட்டன் சொன்னார். என் பாட்டன் கூலி நெல்லை அப்படியே களத்தில் வைத்துவிட்டு, கிடையை அடைத்திருந்த படல்களைப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டு, உச்சி வெயிலில் ஊர் நடுவே ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனார். ராத்திரியில் அல்ல. பாதிப் புஞ்சை அந்த வருஷம் உரம் காணாமல் கிடந்தது. அந்த ஆத்திரத்தில் உன் பாட்டன் வைத்த பேர்தான் இது.

கொடை முடிந்த மறுநாள் டீக்கடையில் உன்னைக் கேட்டேன். “ஒனக்கு உண்மை தெரியும்லா?”

“தெரியும்லே. அதுக்காவ மேடையில ஏறி எங்க பாட்டன நானே வையவா? சும்மா வெளாட்டுக்குச் சொன்னதுதான. டீயக் குடி.”

குடித்தேன். அதுதான் இன்றைக்கும் தொண்டையில் நிற்கிறது. உன் சாவுக்கு வந்தேன், மாலை போட்டேன், அழுகைகூட வந்தது. மன்னிக்க மனசு வரவில்லை. உனக்கு அது விளையாட்டு. என் மகளுக்கு அது புகுந்த வீட்டில் ஆயுசுக்கும் கேட்கப்போகிற பேச்சு.

பேரை எடுத்துவிடலாம் என்றுதான் வீட்டில் எல்லாரும் சொன்னார்கள். மகள்தான் பத்திரிகையை வாங்கிப் பார்த்தாள். “யப்பா, தண்ணி குடுக்காதவிய பேரு கோயில் கல்வெட்டுல இருக்கு. நம்ம பேரு தாளுல இருக்கக்கூடாதாக்கும்? மாமாவுக்கு நானே போன் போட்டுச் சொல்லுதேன்.” சொன்னாள்.  “சரி தாயி, இருக்கட்டும்” என்றார் சம்பந்தி. மனசோடுதான் சொன்னாரா, தெரியவில்லை. அச்சகத்துக்குச் சொல்லிவிட்டேன்: அந்தப் பேரின் எழுத்தை இன்னும் ஒரு சுற்றுப் பெரிதாக்கச் சொல்லி.

நீ எனக்கு மிச்சம் வைத்தது இந்தப் பேர் மட்டும்தான். இதைச் சுமக்க எனக்குக் கனமில்லை.

இந்தக் கடிதத்தை உன் வீட்டு விலாசத்துக்கே அனுப்புகிறேன். உன் மகன் பிரிப்பான். கீழே கையெழுத்துப் போடப்போவதில்லை. எழுதியது யாரென்று அவன் வீட்டில் கேட்கட்டும். உன் வீட்டுக்குள் யாராவது ஒருவர், சிரிக்காமல், என் பேரைச் சொல்லியாக வேண்டும்.