படுக்கச் சொல்லாத வைத்தியம்

தாராவி,
மும்பை.

அன்புள்ள சங்கரேஸ்வரிக்கு,

பூலோகம் எழுதுவது. நீயும் மகள் சந்திரலேகாவும், மருமகனும் பேரனும் சுகமாக இருக்க அம்மன் துணை. எதிர்வீட்டு அர்பாஸ் நாளை பஹ்ரைனுக்கு விமானம் ஏறுகிறான். அவன் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். போனில் பேசினால் நீ ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய். பக்கத்தில் மருமகன், மடியில் பேரன். நானும் நன்றாக இருக்கிறேன் என்று சொல்லி வைத்துவிடுகிறேன்.

பதறாமல் படி. இடது காலில் நரம்பு சுருட்டிக்கொண்டதற்கு லேசர் செய்துகொண்டேன். உன் காலுக்கும் அதைத்தான் அங்கே சொல்கிறார்களாம், நீ பயந்து தள்ளிப்போடுகிறாயாம். சந்திரலேகா சொன்னாள். மளிகைக் கடையில் இருவரும் நின்று நின்று வாங்கிய வியாதிதானே. அதனால் பட்டதை அப்படியே எழுதுகிறேன்.

கத்தி இல்லை, தையல் இல்லை. ஸ்கேன் பார்த்து, நரம்பு போகிற வழியைக் காலிலேயே பேனாவால் வரைகிறார்கள். முழங்கால் பக்கம் ஒரு சின்னத் துளை, அதற்குள் நூல் போல ஒரு கம்பி. தொடை நெடுக மரத்துப்போவதற்கு ஊசி போடுவார்கள், அதுதான் வலி. பிறகு சூடுகூடத் தெரியாது. கெட்டுப்போன நரம்பை உள்ளேயே சுட்டு அடைத்துவிடுகிறார்கள். ரத்தம் நல்ல நரம்பு வழியாகப் போய்க்கொள்ளுமாம். ஒரு மணி நேரத்தில் இறுக்கமான நீளக் காலுறையை மாட்டி, எழுந்து நடங்கள் என்றார்கள். சில நாள் நீலம் பாய்ந்திருக்கும், தொடைக்குள் கயிற்றை இழுப்பது போல் இருக்கும். தானே சரியாகிவிடும்.

கோளாறு அதற்குப் பிறகுதான். ஆபரேஷன் என்றால் நம் ஆட்கள் ரொட்டியும் ஹார்லிக்ஸும் வாங்கி வந்து கட்டில் ஓரத்தில் உட்காருவார்களே, ஒருவரும் வரவில்லை. மறுநாளே நடந்து போய்ப் பால் வாங்குகிறவனை யார் வந்து பார்ப்பார்கள்? நம் ஊர்க்காரன் சுடலைக்கண்ணன் தெருவில் பார்த்து, “என்ன அண்ணாச்சி, ஆபரேசன்னு சொன்னாவ, குதிரை மாதிரில்லா நடக்கிய!” என்று சிரித்துவிட்டுப் போனான். எனக்கு எரிச்சலாக வந்தது. கடையைச் சாத்திவிட்டு, காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துப் படுத்துவிட்டேன்.

நீ சிரிப்பாய். சிரி. அன்று சாயங்காலமே வீடு நிறைந்துவிட்டது. பக்கத்து வீட்டு அகிலாண்டம் ரசம் வைத்துக் கொண்டுவந்தாள். சுடலைக்கண்ணன்கூட ஆப்பிளோடு வந்து, உன்னைப் பற்றி விசாரித்துக்கொண்டு வெகு நேரம் இருந்தான். நம் வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்டு எவ்வளவு காலமாயிற்று! அதற்காகவே மேலும் சில நாள் படுத்துக் கிடந்தேன்.

கெண்டைக்கால் வீங்கி வலி எடுத்ததும் செம்பூருக்கு, லேசர் செய்த டாக்டரம்மாவிடம் ஓடினேன். “உங்களை யாருங்க படுக்கச் சொன்னது? படுத்தே கிடந்தா ரத்தம் உறைஞ்சிரும்” என்று திட்டி, மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். நல்ல வேளை, உறையவில்லை. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லையா என்று கேட்டார்கள். மனைவி மகள் வீட்டில் இருக்கிறாள் என்றேன். எப்போது வருவார்கள் என்றார்கள். குனிந்து காலுறையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டேன்.

இப்போது தினமும் மாட்டுங்கா வரை நடக்கிறேன். வீக்கம் வடிந்துவிட்டது. திரும்பி வந்து கதவைத் திறக்கத்தான் பிடிக்கவில்லை.

பிரசவம் பார்க்கப் போனாய். பேரன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். சந்திரலேகாவைக் குறை சொல்லவில்லை, வேலைக்குப் போகிற பிள்ளை, உன் ஒத்தாசை இல்லாமல் முடியாது. ஆனால் லேசரை மட்டும் அங்கே செய்துகொள்ளாதே. இங்கே வா, இந்த டாக்டரம்மாவிடமே காட்டுவோம்.

அன்று கிளம்பும்போது டாக்டரம்மா இன்னொன்றும் சொன்னார்கள். லேசர் செய்தவர்கள் ஒரு மாதம் விமானம் ஏறக் கூடாதாம். டாக்டர் உத்தரவு என்றால் மருமகனும் ஒன்றும் சொல்ல மாட்டார். அதன் பிறகு நீ போகிறேன் என்றால் நானே விமான நிலையத்துக்குக் கொண்டுவந்து விடுகிறேன்.

பேரனுக்கு என் ஆசிகள். அந்த ஒரு மாதம் எனக்கு வேண்டும், சங்கரி.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்,
பூலோகம்