ஊமைப்பட நடிகரின் பேச்சு

அன்புள்ள நைனாவுக்கு,

உன் மகள் செங்கொடியின் வணக்கம். நான் நலம். முழங்கால் வலியோடு இன்னும் ஹார்பருக்குச் சைக்கிளில்தான் போகிறாயா?

பெர்லினில் நான் வேலை பார்க்கும் படக் காப்பகத்துக்கு ஒரு ஊமைப்பட நடிகரின் படச்சுருள்களும் கடிதங்களும் அடங்கிய பெட்டி வந்தது. அறுபது படங்களில் நாயகன். அவரும் நம்ம ஹார்பர் பக்கத்துக்காரர்தான். பேசும்படம் வந்ததும், அவருடைய ஹார்பர் பேச்சைக் கேட்டுக் கொட்டகையே சிரித்ததாம். அப்புறம் சாகும்வரை வேடமே கிடைக்கவில்லை.

"நம்ம கதையாட்டமே கீது" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். பக்கத்து மேசைத் தமிழர்கள் இன்றுவரை அதையே சொல்லிச் சிரிக்கிறார்கள். விளையாட்டுக்குத்தான், கவலைப்படாதே. நான் இப்போது யாரிடமும் பேசுவதில்லை.

ஒரு சின்ன உதவி. வெளிநாட்டு மகள் என்று போனில் சுத்தத் தமிழ் பேசாதே. "இன்னாமே, சோறு துன்னியா?" என்று கேள். நேற்று அறையில் தனியாக அதைச் சொல்லிப் பார்த்தேன். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது, நைனா.

நிலையத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்; ரயில் வந்துவிட்டது.
செங்கொடி