பந்தடிக்கிற காட்டில் மூன்று களங்கள்

786

கள்ளக்குறிச்சி
20.2.1988

அன்பு மகன் சுபைருக்கு அம்மாவின் சலாம். நானும் உன் தங்கை பாயிஸாவும் சுகம், வலது முழங்கால் நீங்கலாக உன் அத்தாவும் சுகம். நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, கிடைத்த நேரத்தில் தூங்கி, யார் வம்புக்கும் போகாமல் இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டு இதை எழுதுகிறேன். அக்டோபரில் மலைமேல் இருக்கும் கோல்ஃப் மைதானத்தைப் பார்த்துவிட்டு வந்து உனக்கு எட்டுப் பக்கம் எழுதினேன் அல்லவா, அதில் ஒன்றை எழுதவில்லை. அன்றைக்கு அங்கே வாயால் சொல்லாமல் விட்டதைப் பிறகு பேனாவாலும் சொல்லாமல் விட்டேன். வெள்ளச்சி என்ற பெண்ணிடம், டிசம்பர் கடைசியில் நாலு நாள் இந்த இடத்தை விட்டுக்கொடுத்தால் என் பையன் ஊருக்கு வருவான் என்று நான் சொல்லவில்லை. சொல்வதற்கு நேரமும் இருந்தது, அவளே கேட்கவும் கேட்டாள். நீ போன மாதம் எழுதியிருக்கிறாய், ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டார்களா அம்மா என்று. கொடுத்திருப்பார்கள். அதனால்தான் கேட்கவில்லை. கோபத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு முழுவதையும் படி.

உன் செப்டம்பர் கடிதத்தை நேற்று மறுபடி எடுத்துப் பார்த்தேன். உங்கள் மேலாளருக்கு இப்படி ஒரு பைத்தியம், ஒவ்வொரு விடுப்புக்கும் எங்காவது விசித்திரமான சின்ன மைதானமாகத் தேடிப் போய் ஆடுவார், நம் மலையில் ஒன்று இருக்கிறதென்று நீ வாய் தவறிச் சொல்ல அவர் பிடித்துக்கொண்டார், கிறிஸ்துமஸ் சமயம் நாலு நாள் வருவதாக இருக்கிறார், வழிகாட்டியாக உன்னையும் தன் செலவிலேயே கூட்டி வருவார், இல்லாவிட்டால் உனக்கு ஒப்பந்தம் முடியும்வரை விடுப்பு கிடையாது. இவ்வளவும் எழுதிவிட்டுக் கடைசியில், மைதானத்தைப் போய்ப் பார்த்து எழுதுங்கள், எனக்காக ஒன்றைப் பத்தாக்கி எழுதாதீர்கள், அவர் வந்து பார்த்து ஒன்றுமில்லை என்றால் என் பேர் போய்விடும் என்றும் எழுதியிருந்தாய். நீ போய் இரண்டு வருஷம் நாலு மாதம் ஆகியிருந்தது. அந்தக் கடைசி வரி இல்லாவிட்டால் நான் மலைக்கே போயிருக்க மாட்டேன், அருமையான மைதானம், உடனே வா என்று கார்டில் எழுதிப் போட்டிருப்பேன்.

கோல்ஃப் என்றால் என்னவென்றே எனக்குத் தெரியாது. நூலகத்தில் தடிப் புத்தகம் ஒன்றை வாங்கி உட்கார்ந்து படித்தேன். நூலகர், எப்பவும் கதைப் புத்தகந்தானேம்மா எடுப்பீங்க, இன்னா இது புதுசா என்று கேட்டார், பையனுக்காக என்று சொல்லி வைத்தேன். ஒரு மனுஷன் சின்னப் பந்தின் பின்னால் இரண்டு மூன்று மைல் நடப்பது எதற்கு என்பது மட்டும் எந்தப் பக்கத்திலும் இல்லை. அங்கே பாலைவனத்தில் உங்கள் மேலாளர் சின்னத் தடுக்கு அளவு புல்விரிப்பைத் தூக்கிக்கொண்டு நடந்து, அதன் மேல் பந்தை வைத்து அடிக்கிறார் என்று நீ எழுதியதைப் பாயிஸாவுக்குப் படித்துக் காட்டியபோது இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் அத்தா கடையிலிருந்து எழுந்து வந்துவிட்டார்.

அக்டோபர் மூன்றாம் ஞாயிறு போனோம். இட ஒதுக்கீடு கேட்டு நடந்த சாலை மறியல் வாரம் முடிந்து ஒரு மாதம் ஆகியும் வெட்டிப்போட்ட புளியமரங்கள் சாலையோரம் அப்படியே கிடந்தன, சில இடங்களில் பஸ் ஒரு பக்கச் சக்கரத்தை வயலில் இறக்கித்தான் போனது. நம் கடையில் நிற்கும் காசிநாதன் பதினைந்து நாள் உள்ளே இருந்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். நீ தனித்தாளில் எழுதி அனுப்பியிருந்த உன் மேலாளரின் கேள்விகளில் டிசம்பரில் சாலை திறந்திருக்குமா என்பதும் ஒன்று. அதை அவரிடம் கேட்டதற்கு, அடுத்த மறியல் எப்போன்னு உள்ள இருந்த எங்களுக்கே சொல்லலம்மா, துபாய்க்கு எப்படி சொல்றது என்றார். இட ஒதுக்கீடு வந்தால் அவர் பெண்ணுக்கு நர்சிங் படிப்பில் இடம் கிடைக்குமாம், அதைச் சொல்லும்போது மட்டும் அவர் சிரிக்கவில்லை. கச்சிராயபாளையத்தில் பஸ் மாறி மேலே ஏறினோம். வளைவுக்கு வளைவு பாயிஸா என் துப்பட்டியைப் பிடித்துக்கொண்டாள். இறங்கியதும் அத்தா முழங்காலைக் காரணம் காட்டி டீக்கடையில் உட்கார்ந்துவிட்டார், நீங்களே பார்த்துக்கினு வாங்க, எனக்கு பந்தும் ஒண்ணுதான் பலாக்காயும் ஒண்ணுதான் என்று.

மைதானம் என்று பலகை கிலகை ஒன்றும் இல்லை. மலைக்காரர்கள் அதைப் பந்தடிக்கிற காடு என்கிறார்கள். எப்போதோ காபித் தோட்டம் போட வந்த வெள்ளைக்காரர் ஒருவர் ஏற்படுத்தியது, இப்போது கீழேயிருந்து நாலைந்து அதிகாரிகள் ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறார்கள். காவல் பார்ப்பவர் மாதன், ஐம்பது வயது இருக்கும், சட்டைப்பையில் நாலு பந்து வைத்திருந்தார். ஆம்பளை யாரும் கூட வரலியா என்று முதலில் தயங்கினார், அப்புறம் உன் கேள்வித்தாளை நான் பிரித்ததும் கலெக்டர் ஆபீஸிலிருந்து வந்தவளைப் போல் மரியாதையாகப் பதில் சொன்னார். ஒன்பது குழி. முதல் குழிக்குப் பாயிஸா காலடி எண்ணினாள், இருநூற்று முப்பத்தொன்று. இரண்டாவதில் பந்து ஓடையைத் தாண்ட வேண்டும், தாண்டாத பந்தை மாடு மேய்ப்பவர்கள் எடுத்து வைத்திருந்து கொடுப்பார்கள். நாலாவதில் நடுவே ஒரு பலாமரம், அதை வெட்டிவிடலாமே என்று யாரோ ஒரு அதிகாரி சொன்னதற்கு, காய் காய்க்கிறத வெட்டிட்டு குழில பந்து போட்டு இன்னா பண்ணுவீங்க என்று மாதன் கேட்டாராம். குழியைச் சுற்றிலும் புல் கிடையாது. துபாயில் செய்வதாக நீ எழுதியது போலவே மணலில் பழைய இன்ஜின் ஆயிலைக் கலந்து வட்டமாக அழுத்தியிருக்கிறார்கள், அதைக் கேட்டால் உன் மேலாளர் சந்தோஷப்படுவார் என்று அங்கேயே நினைத்துக்கொண்டேன். மட்டையைக் கையில் பிடித்துப் பாருங்கம்மா என்று மாதன் நீட்டினார். சுற்றிலும் பார்த்தேன், இரண்டு பசுவும் பாயிஸாவும்தான். அடித்தேன். பந்து போன போக்கு எனக்கே தெரியவில்லை, ஆனால் அது எங்கே போயிருக்கும் என்று என் கால்கள் தானாக நடக்க ஆரம்பித்ததும், புத்தகத்தில் இல்லாத அந்த விஷயம் விளங்கிவிட்டது. இதை அத்தாவிடம் சொல்லிவிடாதே.

இனித்தான் விஷயம். மூன்றாவது குழி இருக்கும் வட்டம் மற்றதைப் போலக் கறுப்பாக இல்லை, பச்சை கலந்த பழுப்பு, கண்ணாடி போல் வழவழப்பு. இது எப்படி என்று ஆசையாக ஏறிவிட்டேன். பின்னாலிருந்து ஒரு குரல், செருப்பை கழட்டிக்கினு ஏறுங்கம்மா, களம் அது என்று. அதுதான் வெள்ளச்சி, மாதனின் அண்ணன் மனைவி, என் வயதுதான் இருக்கும், தலையில் சாமைக் கதிர்க்கட்டு. எனக்குக் கூச்சமாகிவிட்டது, தர்காவில் கழற்றத் தெரிந்தவளுக்கு இங்கே தெரியவில்லையே என்று. கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு அவளோடு பேசினேன். மூன்று, ஆறு, ஏழு, இந்த மூன்று குழிகளும் உண்மையில் அவர்களுடைய கதிரடிக்கும் களங்கள். அந்தச் சரிவில் சமமான இடம் வேறு இல்லை. வெள்ளைக்காரர் வந்து கேட்டபோது, அறுப்புக் காலத்தில் எங்களுக்கு, மற்ற நாளில் உங்களுக்கு, ஆனால் எந்த நாளிலும் செருப்புக்காலோடு ஏறக்கூடாது என்று பேச்சு, இன்றுவரை அப்படியே நடக்கிறது. ஆட வரும் அதிகாரிகளும் அந்த மூன்று இடத்தில் பூட்ஸைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடுதான் ஆடுகிறார்கள். களம் எங்க பாட்டனுங்களுது, குழிதான் அவங்க தோண்டினது என்றாள். அறுப்பு வந்தால் குழிக்குள் ஒரு கல்லை இறக்கி மேலே சாணம் போட்டு மெழுகிவிடுவார்கள், குழி இருந்த தடமே தெரியாது.

அறுப்பு எதுவரைக்கும் என்று கேட்டேன். ஐப்பசியில் தொடங்கித் தை முடியும்வரை, ஊரில் இத்தனை குடும்பத்துக்கும் மூன்றே களம் என்பதால் முறை வைத்து அடிக்கிறார்கள், ஒரு குடும்பத்துக்கு நாலு நாள். உங்கள் முறை எப்போது என்றேன், பேச்சுக்காகத்தான் கேட்டேன். மார்கழி ஒன்பதிலிருந்து என்றாள். நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன், டிசம்பர் இருபத்து நாலு. உன் நாலு நாளும் அவள் நாலு நாளும் ஒன்றேதான். போன வருஷம் அவர்களுக்குக் கடைசி முறையாம், கதிர்ப்போர் பனியில் நனைந்து பாதிச் சாமை கறுத்துப்போய் மாட்டுக்குப் போட்டார்களாம். இந்த வருஷந்தாம்மா நடுவுல வந்துச்சு என்று அவள் சொன்னபோது முகத்தில் வந்த நிம்மதியை நான் பார்க்காமலே இருந்திருக்கலாம்.

மாதன் நம் கேள்வித்தாளைப் பார்த்ததிலிருந்தே யாரோ பெரிய ஆள் வரப்போகிறார் என்று கண்டுகொண்டிருந்தார். மார்கழியிலதான் வராங்கன்னா சொல்லுங்கம்மா, நாலு நாளு தள்ளி வச்சுக்கலாம், அண்ணி ஒண்ணும் சொல்லாது என்றார். தள்ளி வைத்தால் நாலு நாள் தள்ளாது, முறை போனால் மறுபடி கடைசிதான், அதை அவரும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை, ஆனால் மூன்று பேருக்கும் தெரிந்தது. வெள்ளச்சி கதிர்க்கட்டை இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். “உங்க வூட்டு ஆளு யாருனா வராங்களாம்மா? சொல்லுங்க.” கேட்ட விதத்தில் மறுப்பே இல்லை சுபைர். என் மகன் என்று சொல்லியிருந்தால், அவளுக்கும் மகன்கள் இருப்பார்கள், அந்த நிமிஷமே தலையாட்டியிருப்பாள். எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. தெரிஞ்சவங்க ஒருத்தர், மாசியில வந்தாலும் ஒண்ணும் கெட்டுப்போகாது என்று சொன்னேன். மாசியில் வந்தால் நீ அவரோடு வர முடியாது, அது உங்கள் கம்பெனியில் சரக்கெல்லாம் கணக்கெடுக்கும் மாதம் என்று நீ எழுதியிருந்தது அப்போதும் எனக்கு நினைவில்தான் இருந்தது. பாயிஸா என்னைத் திரும்பிப் பார்த்தாள், பஸ் இறங்கும்போது எந்த வளைவிலும் என் துப்பட்டியைப் பிடிக்கவில்லை.

அதனால்தான் உனக்கு எழுதும்போது, ஆடத் தகுந்த மைதானம்தான், தயங்காமல் வரலாம், ஆனால் டிசம்பரில் மூன்று குழிகளில் சாமை இருக்கும், மாசியில் வரச்சொல் என்று மட்டும் எழுதினேன். ஒவ்வொரு எழுத்தும் உண்மை. நீ கேட்டதும் அதைத்தானே. அத்தாவுக்குக் காரணம் தெரியாது, ஏன் புள்ளைய வரவேணாங்கற மாதிரி எழுதின என்று இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் செய்தது சரியென்று உன்னிடம் வாதாட வரவில்லை. சில நாள் சரியாகப் படுகிறது, உன் கட்டிலுக்கு உறை மாற்றும்போது படுவதில்லை. ஆனால் நீ வந்து அந்த மெழுகிய தரையில் நிற்கும்போது, இது யாருடைய நாலு நாள் என்று எனக்குத் தெரிந்திருக்குமே, உன் முகத்தை எப்படிப் பார்த்திருப்பேன்.

உன் மேலாளர் செவ்வாய்க்கிழமை வந்தார். உயரமான மனுஷர், பேச்சு அதிகமில்லை, சிகரெட் மட்டும் ஜாஸ்தி. நானும் பாயிஸாவும் கூடப் போனோம், அவளுடைய பத்தாம் வகுப்பு இங்கிலீஷ் போதுமானதாக இருந்தது. மூன்றாவது குழியில் மாதன் செருப்பு விஷயத்தைச் சொல்லத் தயங்கி நின்றார், பாயிஸாதான் சொன்னாள். அவர் ஒரு நிமிஷம் எங்களைப் பார்த்தார், பிறகு உட்கார்ந்து பூட்ஸ், காலுறை எல்லாம் கழற்றினார். வெள்ளச்சி என் காதருகே வந்து, காலு இன்னாம்மா உரிச்ச முட்டை மாதிரி கீது என்றாள், நான் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு. இவ்வளவு வேகமான தரையை எங்கேயும் பார்த்ததில்லை என்று பாயிஸாவிடம் சொன்னாராம், இரண்டு தடவை பந்து வட்டத்தைத் தாண்டியே ஓடிவிட்டது. வெள்ளச்சி வீட்டுச் சாமை இந்த வருஷம் ஒரு மணி கறுக்கவில்லை, இரண்டு படி எனக்குக் கொடுத்தாள், வாங்க மாட்டேன் என்றதற்குக் கோபித்துக்கொண்டாள்.

அங்கே வெயில் ஏறுவதற்குள் கண்ணாடியை மாற்றிக்கொள், தலைவலி அதனால்தான் வருகிறது. வெள்ளிக்கிழமைத் தொழுகையை வேலையைக் காரணம் சொல்லித் தவறவிடாதே. என்மேல் கோபம் இருந்தால் அதையும் எழுது, இரண்டு மாதம் எழுதாமல் மட்டும் இருக்காதே. அல்லாஹ் உன் உழைப்பில் பரக்கத்தையும் உடம்பில் தெம்பையும் தரட்டும், நீ மிதிக்கும் இடமெல்லாம் உனக்கு நல்லதாக அமையட்டும்.

உன் அம்மா
ரோஷன் பீவி

பி.கு. உன் மேலாளர் ஒன்பது குழியும் ஆடிவிட்டு நம் வீட்டில்தான் சாப்பிட்டார். சாயங்காலம் மதராஸ் பஸ் ஏறும்போது உன் விடுப்பு எப்போது என்று அத்தா கேட்டார். ஒப்பந்தம் முடிகிற எண்பத்தொன்பது மார்ச் என்று சொல்லிவிட்டுப் போனார்.