எப்போதும் பதில் வைத்திருந்த மாப்ளைக்கு

மாப்ள,

இன்று காலை கோழி எடுக்கக் கடை ஃப்ரீசரைத் திறந்தேன். வெள்ளைப் புகை முகத்தில் அடித்தது. உடனே மூடிவிட்டேன். திருமங்கலத்து வெயிலில், பரோட்டாக் கல்லுக்கு மேலே இரண்டு கையையும் நீட்டிச் சூடு காட்டினேன். "என்ன மாஸ்டர், குளிருதா?" என்று சாப்பிட வந்த ஒருத்தர் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

நாகமலைப் பாறையில் தொற்றிப் பழகியவன் நீ. பெரு நாட்டில், ஆண்டிஸ் மலையில், யாரும் ஏறாத பக்கமாகப் புது வழி பிடிக்கப் போகிறோம், சமைக்க வா என்று என்னையும் இழுத்துப் போனாய். நான் அடிவாரக் கூடாரத்தில் அடுப்போடு கிடந்தேன். மேலே பனி சரிந்து உன் இடுப்பு உடைந்தது. உன்னோடு ஏறிய பசுமலைக்காரர் உன்னைப் பாறை விளிம்பில் கட்டிவைத்துவிட்டு, ஆள் கூட்டிவர இறங்கினார். இறங்குமுன் வாக்கி டாக்கியில் என்னிடம் சொன்னார்: "அவன தூங்க விட்றாதண்ணே. தூங்குனா போச்சு."

எனக்குத் தெரிந்தது கேலி ஒன்றுதான். என் தங்கையை நீ கட்டிய நாளிலிருந்து நாம் வேறென்ன பேசினோம்? நம் பக்கத்தில் மச்சானும் மாப்பிள்ளையும் கேலி பேசவில்லை என்றால், ஏதோ சண்டை என்று ஊரே நினைக்கும். நீ ஒரு கேலியையும் பதில் சொல்லாமல் விட்டதில்லை. வாக்கி டாக்கியிலும் அதையே ஆரம்பித்தேன்.

"கல்யாணத்துல மாலை போட ஸ்டூல் கேட்ட ஆளு, உனக்கு எதுக்கு மாப்ள இம்புட்டு உசரம்?"

"நான் குட்டை இல்ல மச்சான். உன் தங்கச்சிதான் பனைமரம்."

"சூடா பரோட்டா போட்டு வைக்கவா?"

"மேல அனுப்பு. பாறையில ஆணிக்குப் பதிலா அடிக்கிறேன்."

இருமினாய். அதன்பின் ஒவ்வொரு பதிலுக்கும் வெகுநேரம் ஆனது. மேகம் இறங்கி மலையே மறைந்துவிட்டது. கத்தினேன். வாயில் வந்தபடி திட்டினேன். உன் அப்பனைக்கூட இழுத்தேன். சத்தமே இல்லை. இதற்காவது கோபம் வரட்டும் என்று சொன்னேன்:

"நீ வராட்டி என் தங்கச்சிக்கு வேற மாப்ள பாத்துருவேன், ஆமா!"

கரகரவென்று இரைச்சல். அப்புறம் உன் குரல்.

"பாரு மச்சான். நல்ல ஆளாப் பாரு."

அதுதான் உன் கடைசிப் பேச்சு மாப்ள. ஆட்கள் ஏறிப்போனபோது கயிற்றில் உன் உடம்புதான் இருந்தது.

தங்கை இன்னும் கேட்கிறாள், "கடைசியா என்னண்ணே சொன்னாரு?" என்று. "என் பரோட்டாவத் திட்டுனான்" என்பேன். சிரித்துக்கொண்டே அழுவாள். போன வாரம் டி. கல்லுப்பட்டியிலிருந்து ஒருத்தர் அவளைப் பெண் கேட்டு வந்தார். நல்ல மனுசன். அவள் முடியாது என்றுவிட்டாள். "அவரு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருந்தா யோசிப்பேண்ணே."

வாயைத் திறந்தேன். கேலிதான் வந்தது. நீ சொன்னது என் நெஞ்சிலேயே கிடக்கிறது. அதை அவளிடம் கொடுத்துவிட்டால், நீ நிசமாகவே போய்விடுவாய் மாப்ள.