மூன்று இரவுகளுக்காக அனுப்பாத தந்தி

சித்தூர்,
15 மார்ச் 1979

அன்புள்ள இன்பசேகரனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நலம் விசாரிக்கும் வரியை இம்முறை விட்டுவிட்டேன். உட்கார்ந்துகொண்டு படி.

உன் நைனா மார்ச் முதல் தேதி, வியாழக்கிழமை காலையில் இறந்துவிட்டார். சபை அறிவிப்பில் நித்திரையடைந்தார் என்று போட்டார்கள். தூங்குகிறவரை யாரும் புதைப்பதில்லை. ஆகவே நான் இறந்தார் என்றே எழுதுகிறேன்.

அதற்கு முந்திய சனிக்கிழமை நம் பங்காருபாளையம் மாந்தோப்பில் விழுந்தார். இடது பக்கம் செயலற்றுப் போயிற்று. நினைவும் பேச்சும் தப்பவில்லை. திருப்பதியிலிருந்து வந்த டாக்டர், ஒரு வாரம் தாங்கினால் அதிகம் என்றார். நைனா கேட்டது ஒன்றுதான்: "சேகரனுக்குத் தந்தி குடு. வந்துடுவான்." கொடுத்துவிட்டேன் என்றேன். கொடுக்கவில்லை.

உன் ஜனவரிக் கடிதத்தை நான் நான்கு முறை படித்திருந்தேன். நீ அளக்கக் காத்திருந்த அந்தச் சிறுகோள் பூமிக்கு அருகே வருவது அதே வாரம். தொலைநோக்கி உனக்குக் கிடைத்தது புதன், வியாழன், வெள்ளி, மூன்றே இரவுகள். தவறினால் அது மறுபடி அருகே வரப் பத்தொன்பது ஆண்டுகள். ஒளியை மட்டும் பார்த்தால் சிறிய வெள்ளைக் கல்லும் பெரிய கறுப்புக் கல்லும் ஒரே புள்ளியாகத்தான் தெரியும். கறுப்பு வெயிலை உள்வாங்கிச் சூடேறும். அந்தச் சூட்டை அகச்சிவப்புக் கதிரில் அளந்தால் கல்லின் பருமனும், அது எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்பதும் அகப்படும் என்று எழுதியிருந்தாய். நைனாவுக்கு வாசித்துக் காட்டியபோது சிரித்தார். "இத்துக்கு அமெரிக்கா எதுக்கு? பழம் போட்ட வைக்கோலுக்குள்ள கைய வுட்டா, உள்ள எப்டி கீதுன்னு சூடே சொல்லிடும்" என்றார்.

தந்தியைக் கண்டால் அன்றே விமானம் ஏறியிருப்பாய். புதன்கிழமைக்குள் வந்தும் சேர்ந்திருப்பாய். ஒருவர் எப்படியும் போகப்போகிறார், மற்றவரின் வேலையாவது கெடாதிருக்கட்டும் என்று முடிவு செய்தேன். படித்தவள் செய்த முடிவு.

செவ்வாயன்று சபைப் போதகர் தியோடர் ஐயர் நற்கருணை கொண்டுவந்தார். கட்டிலருகே வீட்டாரும் சேர்ந்து வாங்கிக்கொள்வது நம் சபை வழக்கம். நைனா வாங்கினார். பாத்திரம் என்னிடம் வந்தபோது கை நீளவில்லை. சாகக் கிடப்பவரிடம் பொய் சொன்ன வாயால் அதைத் தொட எனக்குத் துணிச்சல் போதவில்லை. வயிறு சரியில்லை என்று சொல்லிவைத்தேன்.

ஐயர் போனதும் நைனா, "தந்தி குடுக்கல, இல்ல?" என்றார். ஆமென்று தலையசைத்தேன். நெடுநேரம் என் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு, "கல்லு எப்போ போவுது?" என்றார். வெள்ளிக்கிழமை என்றேன். "அப்போ வெள்ளி வரிக்கும் நான் தாக்கு புடிக்கணும். நீ சனிக்கிழம தந்தி குடு."

மறுநாள் முழுவதும் கஞ்சியை மறுக்காமல் குடித்தார். "கல்ல அளக்கறவனுக்காவ நானே கல்லாட்டம் கெடக்கறேன் பாரு, தபீதா" என்று கேலியும் செய்தார். வியாழன் விடியும்போது மூச்சு அடங்கிவிட்டது.

வெள்ளியன்று அடக்கம் செய்தோம். அன்றும் தந்தி அனுப்பவில்லை. உனக்கு இன்னும் ஓர் இரவு மிச்சமிருந்தது. அதன்பிறகாவது அனுப்பியிருக்கலாம். அளந்துவிட்டேன் என்று உன் கடிதம் வரட்டும், அதைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னால் சுலபம் என்று காத்திருந்தேன். அதற்குப் பெயர் கோழைத்தனம்.

கடிதம் நேற்று வந்தது. மூன்று இரவும் மலையுச்சியில் மேகம், ஓர் எண்கூடக் கிடைக்கவில்லை என்கிறாய். "போனால் போகிறது அம்மா, ஒரு சின்னக் கல்தானே" என்று எனக்கு ஆறுதல் வேறு. கடைசி வரியில் நைனா எப்படி இருக்கிறார் என்று கேட்டிருக்கிறாய்.

தோப்பில் பிஞ்சு நன்றாகப் பிடித்திருக்கிறது. காவலுக்கு இருக்கும் செங்கல்வராயன் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறான். எனக்கு ஒரு குறையும் இல்லை. இப்போது அவசரப்பட்டுப் புறப்பட்டு வராதே. பார்ப்பதற்கு மண்மேடுதான் இருக்கிறது.

மன்னித்துவிட்டேன் என்று உடனே எழுதிவிடாதே. அது நீ நல்ல பிள்ளை என்பதைக் காட்டுமே தவிர, வேறெதையும் காட்டாது. கோபம் வந்தால் அந்தக் கோபத்தையே எழுது. திட்டு. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

கர்த்தர் உன்னைக் காக்கட்டும். நான் கேட்டு அவர் தரவேண்டியது இனி அது ஒன்றுதான்.

இப்படிக்கு,
உன் தாய்,
தபீதாள்